ஒரு சென்ட் பாட்டில் ஓசூர் வந்து சேர எத்தனை வழி?

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தி மகனுக்குத் தை மாதம் கல்யாணம். ஆறு மாதமாக அவன் ஒரே ஒரு சென்ட் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கிறான். ஜப்பானில் ஒரு சிறிய கடை மட்டும் விற்கும் வாசனைத் திரவியம் அது. இந்தியாவில் அதற்கு இறக்குமதியாளர் இல்லை. சென்ற வாரம் போன் செய்தான். "அக்கா, ஓர் ஏஜென்ட் கிடைத்துவிட்டார். கடையில் வாங்கி, அவரே பேக் செய்து தபாலில் போட்டுவிடுவாராம். 'அலங்காரக் கண்ணாடிப் பொருள்' என்று எழுதிவிட்டால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்கிறார். பணம் கட்டிவிடட்டுமா?"

கட்டாதே என்றேன். ஏன் என்று போனில் அரை மணி நேரம் சொன்னேன். அதன் பிறகு ஓசூரிலும் தருமபுரியிலும் இருந்து இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பாகலூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் கொட்டகையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இருபது தண்டு ஒரு கட்டு, கட்டைச் சுற்றி நெளி அட்டை, கட்டுகள் பெட்டிக்குள், பெட்டி குளிர்வண்டிக்குள், வண்டி பெங்களூரு விமான நிலையத்துக்கு. ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்க வேண்டும் என்று வளர்க்கப்படும் இந்த ரோஜாக்களில் மணம் மிகக் குறைவு. நாள் முழுவதும் பூவோடு இருந்தும் மணம் கிடைக்காததால்தானோ என்னவோ, எனக்கு வாசனைத் திரவியங்கள் மேல் தீராத ஆசை உண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்குவேன். அந்த ஆசையில் இரண்டு பாட்டில்களை இழந்தும் இருக்கிறேன். ஒன்று, வெளிநாட்டு ஏஜென்டின் கிடங்கிலேயே நின்றுபோனது. "இதை அனுப்ப இயலாது, கடைக்குத் திருப்பலாம், அல்லது அழித்துவிடலாம்" என்று செய்தி வந்தது. பிரித்த பெட்டியைக் கடை திரும்ப எடுக்கவில்லை. அழிப்பதற்கும் என்னிடமே கட்டணம் வாங்கினார்கள். இன்னொன்று வீடு வரை வந்தது. பெட்டியைத் திறக்கும் முன்பே தெரு முழுவதும் மணந்தது. உள்ளே பாட்டிலில் கால்பங்குதான் மீதி.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

கடையில் நாம் வாங்கும் சென்ட்டில் பெரும்பகுதி எத்தனால். மணம் தரும் எண்ணெய்களின் பங்கு சிறியது. 'ஓ டி டாய்லெட்' வகையில் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு, 'ஓ டி பெர்ஃப்யூம்' வகையில் 15 முதல் 20 விழுக்காடு. மற்றதெல்லாம் ஆல்கஹாலும் கொஞ்சம் தண்ணீரும். தூய எத்தனாலின் ஆவி 13 முதல் 17 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே தீப்பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். மார்கழி விடியற்காலையில் எங்கள் கொட்டகையில் இருக்கும் குளிர் அந்த அளவுதான். அதாவது ஓசூரின் கடுங்குளிரில்கூட அந்தப் பாட்டில் தீக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

அதனால்தான் உலகம் முழுவதும் சரக்குப் போக்குவரத்தில் வாசனைத் திரவியத்துக்குத் தனி அடையாளம் உண்டு: ஐக்கிய நாடுகள் சபையின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் எண் 1266, மூன்றாம் வகுப்பு, தீப்பற்றும் திரவம். பெட்ரோலும் பெயின்ட் தின்னரும் இருக்கும் அதே வகுப்பு. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் ஒன்று எப்படி ஆபத்தான சரக்காகும் என்று சித்தி கேட்டார். ஒரு பாட்டில் பெரிய ஆபத்தில்லை என்பது உண்மை. ஆனால் விமானத்தின் அடிவயிற்றில் ஏறும் சரக்குப் பெட்டிக்குள் யார் யாருடைய பார்சல் எதை ஒட்டி இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பக்கத்துப் பார்சலில் லித்தியம் பேட்டரி இருக்கலாம். என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால்தான் எதை எங்கே வைப்பது என்று ஏற்றுகிறவரால் முடிவுசெய்ய முடியும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996-ஆம் ஆண்டு மே 11 அன்று நடந்ததை நான் மறப்பதில்லை. வேல்யூஜெட் 592 என்ற விமானம் அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். சரக்கு அறையில் இருந்தவை காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் கலன்கள். தாளில் எழுதியிருந்ததோ காலிக் கலன்கள் என்று. அவை காலியாக இல்லை, சரக்கு அறையில் தீப்பிடித்தது. அங்கே எரிந்தது சென்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பித்தான் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் வேலை செய்கிறார்கள் என்பதைச் சரக்குக் கொட்டகையில் நிற்கும் எங்களுக்கு இதைவிட அழுத்தமாக எதுவும் சொல்வதில்லை. ஆகையால் வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல. பாட்டில் தன் சொந்தப் பெயரோடு வருகிறதா என்பதைத்தான்.

தபால்: மலிவு, ஆனால் கூடாது

ஏஜென்ட்கள் முதலில் காட்டும் வழி இதுதான், ஏனென்றால் விலை குறைவு. ஆனால் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி, மிகச் சில விலக்குகளைத் தவிர, ஆபத்தான சரக்கைப் பன்னாட்டுத் தபாலில் சேர்க்கக் கூடாது. தீப்பற்றும் திரவம் அந்த விலக்கில் இல்லை. ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியத்தை ஜப்பான் தபால் துறை வெளிநாட்டுத் தபாலில் ஏற்பதில்லை. அமெரிக்கத் தபால் துறையும் ஏற்பதில்லை. பிரிட்டனின் ராயல் மெயில் உள்நாட்டுக்குள் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கிறது, வெளிநாட்டுக்கு இல்லை. நம் அஞ்சல் துறையும் தீப்பற்றும் பொருளைத் தடை செய்திருக்கிறது.

ஆக, தபாலில் சென்ட் வருகிறது என்றால் பொய்ப் பெயரில் வருகிறது என்று பொருள். அலங்காரப் பொருள், சோப்பு, கிரீம் என்று ஏதோ ஒன்றை எழுதுவார்கள். எக்ஸ்ரேயில் பாட்டிலும் உலோகத் தெளிப்பானும் தெளிவாகத் தெரியும். பிடிபட்டால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். பிடிபடாமல் வந்து வழியில் உடைந்தாலும் காப்பீடு கேட்க முடியாது, ஏனென்றால் காப்பீட்டுத் தாளில் இருப்பது வேறு பொருள். ஏஜென்டிடம் சண்டை போடலாமா என்றால், பொய்ப் பெயருக்கு நாமும் சரி சொல்லியிருப்போம்.

இதோடு சேர்த்து 'கிஃப்ட்' என்று எழுதிவிடுகிறேன் என்று ஒரு யோசனையும் வரும். முன்பு ஒரு வரம்பு வரை அன்பளிப்புப் பார்சல்களுக்கு வரி இல்லாமல் இருந்தது. 2019 டிசம்பரில் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் தவிர வேறெதுவும் வரியில்லா அன்பளிப்பாகத் தபாலிலோ கூரியரிலோ வர முடியாது. பழைய பழக்கத்தில் இன்னமும் அதைச் சொல்கிற ஏஜென்டுக்கு இந்திய விதி தெரியாது என்று முடிவு கட்டலாம்.

சீனாவிலிருந்து வாங்கித் தரும் ஏஜென்ட்கள் சிலர் 'திரவங்களுக்கான லைன்' என்று ஓர் அனுப்பும் வழியைத் தனியாகக் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். அதில் ஏற்றும்போது பொருளின் பெயர் என்ன எழுதப்படும் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அதுவும் தபால் கதைதான். அங்கிருந்து வரும் பிரபல பிராண்டுகளில் போலிகள் மிகுதி என்பதையும் மறக்க வேண்டாம். போலிச் சரக்கைத் தடுத்து நிறுத்த 2007-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துரிமை விதிகள் சுங்கத் துறைக்கு அதிகாரம் தருகின்றன.

அறிவித்து அனுப்பும் கூரியர்

நேர்மையான ஏஜென்ட் செய்வது இதுதான். பெரிய பன்னாட்டுக் கூரியர் நிறுவனங்கள் வாசனைத் திரவியத்தை எடுத்துச் செல்கின்றன. ஆனால் தெருவில் போகிற எல்லோரிடமிருந்தும் அல்ல. ஆபத்தான சரக்குக்கு ஒப்புதல் பெற்ற கணக்கு வேண்டும். பேக் செய்கிறவர் அதற்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அந்தப் பயிற்சியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பெட்டிக்கு மேல் உரிய குறி, உள்ளே உரிய அடைப்பு, கூடவே தாள்கள். ஒவ்வொன்றுக்கும் பணம். தபாலில் ஆகும் செலவைவிடப் பல மடங்கு ஆகலாம். அதிர்ச்சி அடைய வேண்டாம். ஒரு பாட்டிலுக்கென்று பார்த்தால் வீண்செலவாகத் தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் தாங்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானச் சரக்கு விதிகளில் 'விலக்கு அளவு' என்று ஒரு பிரிவு உண்டு. வாசனைத் திரவியத்தைப் பொறுத்தவரை உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாட்டிலும் 30 மி.லி.க்கு மேல் போகாமல், மொத்தப் பெட்டியில் 500 மி.லி.க்கு மேல் போகாமல் இருந்தால், முழு ஆபத்துச் சரக்குக்கான அறிவிப்புத் தாள் தேவைப்படாது. ஓரங்களில் கோடுகள் போட்ட சதுரக் குறி ஒன்றை ஒட்டினால் போதும். பெட்டி மட்டும் வலுவாக இருக்க வேண்டும்: 1.8 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டாலும் உள்ளே எதுவும் கசியாத அளவுக்கு. கூரியர் நிறுவனம் இந்தப் பிரிவை ஏற்றுக்கொள்கிறதா என்று மட்டும் ஏஜென்ட் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். 50 மி.லி.யும் 100 மி.லி.யும் இந்த வாசலுக்குள் நுழையாது. அதே வாசனை 30 மி.லி.யில் கிடைத்தால், மி.லி. கணக்கில் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், அனுப்பும் செலவில் திரும்பக் கிடைத்துவிடும்.

இன்னும் சிறியது உண்டு. ஒவ்வொரு குப்பியும் 1 மி.லி.க்குள், பெட்டி மொத்தம் 100 மி.லி.க்குள் என்றால் விதிகள் இன்னும் தளர்கின்றன. கடைகள் தரும் மாதிரிக் குப்பிகள் பல 1.5 அல்லது 2 மி.லி. என்பதால் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முகராத வாசனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் மாதிரியை வரவழைத்து, நம் உடம்பில், நம் வெயிலில் போட்டுப் பார்ப்பது மிக நல்லது. பாரிஸின் குளிரில் மெல்லியதாக இருக்கும் வனிலா வாசனை, பங்குனியில் தருமபுரி பஸ் நிலையத்தில் நிற்கும்போது தலைவலியாக மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஏஜென்டிடம் நான் கேட்கும் கேள்விகள் நான்கைந்துதான். எந்தக் கூரியரில் அனுப்புவீர்கள்? ஆபத்தான சரக்குக் கணக்கு உங்களுக்கு இருக்கிறதா, அல்லது வேறொருவருடையதா? விலைப்பட்டியலில் பொருளின் பெயராக 'வாசனைத் திரவியம்' என்றும், சுங்கத் தலைப்பாக 3303 (சுங்கப் பட்டியலில் வாசனைத் திரவியத்துக்கான எண்) என்றும் எழுதுவீர்களா? தயாரிப்பாளரிடமிருந்து பாதுகாப்புத் தரவுத் தாள் (பாட்டிலில் என்ன இருக்கிறது, அதனால் என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்) வாங்கித் தர முடியுமா? கிடங்கில் நிறுத்தப்பட்டால் அந்தச் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கிடங்கில் நின்றுபோன பாட்டிலை நான் இழந்தது இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்.

வரி: ஏஜென்ட் சொல்லாத பாதி விலை

கூரியரில் வரும் தனிப்பட்ட பார்சலுக்கு இறக்குமதி வரி கட்டாயம். பெறுபவரின் அடையாள ஆவணம் கேட்பார்கள்; ஆதாரில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் தாமதம் குறையும். பலருக்குத் தெரியாதது, வரி பாட்டிலின் விலைக்கு மட்டும் அல்ல என்பது. விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் சுங்க வரி. அதையும் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி. பாட்டில் 8,000 ரூபாய், கூரியர் 4,000 ரூபாய் என்றால் வரி தொடங்குவது 12,000 ரூபாயிலிருந்து.

நெடுநாள் நடைமுறையில் இருந்த கணக்கைச் சொல்கிறேன்: தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இறக்குமதிக்கு 35 விழுக்காடு அடிப்படை வரி, அந்த வரியின் மேல் 10 விழுக்காடு கூடுதல், பிறகு எல்லாவற்றின் மேலும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி. மூன்றும் சேர்ந்தால் 77.28 விழுக்காடு. அந்தக் கணக்கில் மேலே சொன்ன பார்சலுக்கு 9,000 ரூபாய்க்கு மேல் வரி. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை. ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத் துறையின் இணையதளத்தில் தனிப்பட்ட இறக்குமதிக்கான 9804 என்ற தலைப்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். விலையைக் குறைத்து எழுதுகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்க அதிகாரியும் அதே கடையின் இணையதளத்தைத் திறந்து பார்க்க முடியும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில்

என் கணக்கில் இதுதான் செலவு குறைந்த நேர்வழி. விமானத்தில் கூட வரும் பயணியின் சாமானில் வாசனைத் திரவியம் அனுமதிக்கப்பட்ட பொருள். மருந்து, ஒப்பனைப் பொருள்கள் உட்பட ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டர் அல்லது 2 கிலோ வரை. ஒவ்வொரு பாட்டிலும் அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கைப்பையில் என்றால் ஒரு பாட்டில் 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியருக்கு வரியில்லாச் சாமான் வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகள் அதை 50,000 ரூபாய் என்று வைத்தன. கிளம்பும் முன் நடப்பு வரம்பைப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று பாட்டில்களுக்கு வரிப் பேச்சே வராது.

நம் மாவட்டங்களில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிற உறவினர் ஒருவராவது இல்லாத தெரு குறைவு. ஏஜென்ட் அந்த ஊருக்குள்ளேயே, அவருடைய முகவரிக்குத் தரைவழியில் அனுப்பிவிடலாம். உள்நாட்டுத் தரைவழி அனுப்புதலுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. அதன் பிறகு அவர் ஊருக்கு வரும்போது எடுத்து வரட்டும். பெங்களூருவில் இறங்கி ஓசூர் வழியாகக் காரிலோ பஸ்ஸிலோ வந்துவிட்டால் இன்னொரு விமானப் பரிசோதனை இல்லை. சென்னையில் இறங்குகிறவருக்கும் அப்படியே. விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்கிய 100 மி.லி.க்கு மேலான பாட்டில் என்றால், முத்திரை வைத்த பையை வீடு வந்து சேரும்வரை பிரிக்கக் கூடாது. நடுவில் வேறொரு நாட்டில் விமானம் மாறும்போது பிரித்த பையை ஏற்கமாட்டார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. உறவினர் கையில் ஒட்டிய பார்சலைத் திணிக்காதீர்கள். அவர் முன்னால் திறந்து காட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது அவரே பிரித்துப் பார்த்து வைக்க வேண்டும். விமான நிலையத்தில் "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்ற கேள்விக்கு அவர் மனச்சாட்சியோடு ஆமாம் சொல்ல முடிய வேண்டும். கமிஷனுக்குச் சாமான் சுமந்து வரும் அறிமுகமில்லாதவர்களிடம் கொடுப்பது இதில் சேராது. வரியில்லா வரம்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. விற்பனைச் சரக்கு என்று தெரிந்தால் மாட்டிக்கொள்வது சுமந்து வந்தவர்தான்.

கப்பல் சரக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளைகுடாவிலிருந்து வீட்டு வாசல் வரை அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவரும் கார்கோ சேவைகள் உண்டு. கடல்வழியில் விதிகள் தளர்வானவை. சிறு பாட்டில்களை 'வரம்பு அளவு'க் குறியோடு ஏற்றலாம். ஆனால் கூட வராத சாமானுக்கு வரியில்லா வரம்பு கிடையாது. வாரக்கணக்கில் ஆகும். இரும்புக் கன்டெய்னருக்குள் வெயில் ஏறும். வேறு வழியே இல்லாதபோது, அதுவும் குளிர்காலத்தில் மட்டும்தான் நான் இதை யோசிப்பேன்.

வெயிலும் அடைப்பும்

பேக்கிங் என் தொழில் என்பதால் இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரோஜாவுக்கும் சென்ட்டுக்கும் எதிரி ஒன்றே: சூடு. எத்தனால் சூடேறினால் பெருகும். 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் 100 மி.லி. ஏறக்குறைய 3 மி.லி. கூடிவிடும். பாட்டிலுக்குள் மேலே விடப்பட்டிருக்கும் காலி இடம் அதற்காகத்தான். மேலே பறக்கும்போது காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்றும் பெருகும். தொழிற்சாலையில் உலோக வளையத்தால் இறுக்கிய தெளிப்பான் தாங்கும். வேறு குப்பிக்கு மாற்றித் திருகு மூடி போட்டது தாங்காது. பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம் என்பதால் கசிவும் அதிகம். இரண்டாம் கைப் பாட்டில்களை வரவழைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எனக்குக் கால்பங்காக வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

ஏஜென்டிடம் நான் எழுதிக் கேட்பது இவ்வளவு: கடைப் பெட்டியையும் அதன் கண்ணாடித்தாளையும் பிரிக்க வேண்டாம். பெட்டியோடு ஒரு ஜிப் பையில் போட்டு, பையைச் சுற்றி உறிஞ்சும் தாள். அதன் மேல் காற்றுக்குமிழ் உறை. வெளிப் பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாமல் நடுவில் நிற்கும்படி எல்லாப் பக்கமும் திணிப்பு. பெட்டியை மூடியபின் குலுக்கிப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. ரோஜாப் பெட்டியையும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். மூடும் முன் ஒரு படம், மூடிய பின் குறி தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்ல வேண்டும்.

பிறகு மாதம். சென்னையில் இறங்கும் பார்சல் வேலூர் வழியாகத்தான் கிருஷ்ணகிரி வரும். அக்னி நட்சத்திரத்தில் அந்தச் சாலையில் தகரக் கூரைக் கிடங்குகளில் இரண்டு நாள் கிடந்தால் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மேல்வாசனைகள் முதலில் மங்கும். பங்குனி முதல் ஆனி வரை நான் எதையும் வரவழைப்பதில்லை. கார்த்திகை முதல் தை வரைதான் என் பருவம்.

வரவழைக்காமலே முடியுமா?

முடிந்தால் அதுவே முதல் வழி. இந்தியாவில் முறையாக இறக்குமதி செய்யப்பட்ட பாட்டிலில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச விலையும் ஒட்டியிருக்கும். விலை கூடுதல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். கூரியரையும் வரியையும் கூட்டிப் பார்த்தால் பெங்களூரு கடையில் வாங்குவது பல நேரம் மலிவாகவே முடிகிறது. ஏஜென்டைத் தேடும் முன் ஒரு நாள் ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆல்கஹால் இல்லாத அத்தரும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் ரோஜாவையும் மல்லிகையையும் செம்புப் பானைகளில் வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கும் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணெய் அடிப்படையிலான அத்தர்கள் பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் நிலைக்கு வருவதால் மூன்றாம் வகுப்பில் சேர்வதில்லை. அனுப்புவதும் எளிது. பக்கத்துத் திருப்பத்தூரில் சந்தனக் கிடங்கும் நம் மலைகளில் சந்தன மரமும் இருக்கும் பகுதியில் வளர்ந்த எனக்கு, அந்த வாசனை வெளிநாட்டுப் பாட்டில் எதற்கும் குறைந்ததாகத் தோன்றியதில்லை. ஆனால் தம்பிக்கு வேண்டியது அத்தர் இல்லை. மாற்றிச் சொல்லி அவன் ஆசையைக் கெடுக்கவும் எனக்கு விருப்பமில்லை.

தம்பியின் பாட்டில்

அவனுக்காக வழிகளை எடுத்துப் பார்த்தோம். இந்தியக் கடை இல்லை. ஜப்பானிலிருந்து கல்யாணத்துக்கு வருகிற உறவினர் இல்லை. பெண்ணின் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், ஆனால் ஜப்பானிலிருந்து அவருக்கு அனுப்புவதும் இதே விமானக் கதைதான். தபால் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சியது அறிவித்து அனுப்பும் கூரியர். அந்தக் கடை அதே வாசனையை 30 மி.லி.யிலும் விற்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தோம். 50 மி.லி. ஒன்றுக்குப் பதில் 30 மி.லி. இரண்டு: ஒன்று அவனுக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. முதலில் பேசிய ஏஜென்டுக்கு நன்றி சொல்லி விலகிவிட்டு, ஒப்புதல் பெற்ற கணக்கு உள்ள வேறொருவரிடம் என் கேள்விகளை அனுப்பினான். வரியோடு சேர்த்து மொத்தச் செலவு, முதல் ஏஜென்ட் சொன்னதைவிட இரண்டரை மடங்கு ஆகிறது.

"அக்கா, கல்யாணச் செலவில் இதுவும் ஒன்று என்று எழுதிவிட்டேன்" என்றான்.

நேற்று இரவு ஏஜென்டிடமிருந்து விலைப்பட்டியல் வந்தது. தம்பி படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பொருளின் பெயர் வாசனைத் திரவியம். சுங்கத் தலைப்பு 3303. ஐ.நா. எண் 1266. அளவு 30 மி.லி., எண்ணிக்கை 2. கார்த்திகை முதல் வாரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். வந்ததும் இரண்டு வாரம் இருட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு திறக்கச் சொல்லியிருக்கிறேன்.